கர்ப்ப காலத்தில் எடை எவ்வளவு ஏறலாம்? கணக்கைச் சரியாகத் தொடங்குவது எப்படி?

என் முதல் கர்ப்பத்தின் 22-ஆவது வாரத்தில் செக்கப்புக்குப் போனபோது, "11 வாரத்தில் 8 கிலோ ஏறியிருக்கிறது, இது ரொம்ப அதிகம், சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் பயந்துபோய் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. காலையில் எழுந்தால் தலைசுற்றல், கை நடுக்கம். அடுத்த முறை சிறுநீர்ப் பரிசோதனையில் கீட்டோன் வந்திருந்தது, பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள் அது. அன்றைக்கு எடை பார்த்த மூத்த நர்ஸ் ஒருவர் என் கார்டைப் புரட்டிவிட்டு, "கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடி நீங்க எத்தனை கிலோம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். 55 என்றேன். கார்டின் முதல் வரியில் 52.5 என்று இருந்தது. வாந்தியெடுத்து வாடிப்போயிருந்த 11-ஆவது வாரத்தில் பார்த்த எடை அது. அவர் பேனாவை எடுத்து அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் 55 என்று எழுதினார். 8 கிலோ என்று பயமுறுத்திய எண் அந்த ஒரு கோட்டில் 5.5 ஆனது. அது அந்த வாரத்துக்குச் சரியான ஏற்றம்தான். இரண்டு வாரம் நான் பட்டினி கிடந்ததற்குக் காரணமே இல்லை.

உங்களுக்கு இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கீழே உள்ள வரிசைப்படியே போங்கள். ஏற்கெனவே ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் இருந்தாலும் முதல் படியிலிருந்தே தொடங்குங்கள், அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

1. தொடக்க எடையைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள்

கர்ப்ப காலத்தில் "இத்தனை கிலோ ஏறியது" என்று யார் சொன்னாலும் அது ஒரு கழித்தல் கணக்குதான். இன்றைய எடையிலிருந்து கர்ப்பத்துக்கு முந்தைய எடையைக் கழிக்கிறார்கள். கழிக்கிற எண் தப்பாக இருந்தால் ஒன்பது மாதமும் வருகிற எல்லா விடையும் தப்பு.

கர்ப்பத்துக்குத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வேலை சுலபம், இன்றே ஒரு முறை எடை பார்த்துத் தேதியோடு எழுதிவிடுங்கள். ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கிறீர்கள், எடை நினைவில்லை என்றால் பழைய காகிதங்களைத் தேடுங்கள். வேலையில் சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனை, காப்பீட்டுக்காகச் செய்த செக்கப், காய்ச்சலுக்குப் போனபோது டாக்டர் சீட்டின் ஓரத்தில் குறித்த எடை, ஜிம் பதிவு, ரத்ததானம் செய்தபோது தந்த அட்டை, இப்படி எங்காவது ஒரு எண் இருக்கும். கர்ப்பத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதத்துக்குள் எழுதப்பட்டது கிடைத்தால் நல்லது. என் 55 கிலோ வேலைக்கான பரிசோதனைத் தாளில்தான் கிடந்தது. அதை முதல் செக்கப்பின்போதே கொண்டுபோயிருக்கலாம், யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் முதல் சில வாரங்களில், வாந்தி தீவிரமாவதற்கு முன் பார்த்த எடையை வைத்துக்கொள்ளலாம். அது அளந்து எழுதிய எடையா, நினைவிலிருந்து சொன்னதா என்பதைக் கார்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது ஒன்றிரண்டு கிலோ குறைத்துச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே அதைச் செய்யாதீர்கள், நஷ்டம் உங்களுக்குத்தான்.

உயரத்தையும் செருப்பில்லாமல் சுவரோடு நின்று ஒரு முறை சரியாக அளக்க வேண்டும். அடுத்த படிக்கு அது தேவை.

2. உங்களுக்கான எல்லையைக் கணக்கிடுங்கள்

எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. "பத்துப் பன்னிரண்டு கிலோ ஏறணும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சிலருக்குப் பொருந்தும், மெலிந்தவருக்குப் போதாது, பருமனானவருக்கு அதிகம். முதலில் உங்கள் பிஎம்ஐ பாருங்கள், உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண் அது. கிலோவில் உள்ள தொடக்க எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அதுதான். என் உயரம் 158 சென்டிமீட்டர், அதாவது 1.58 மீட்டர். 55-ஐ 1.58-ஆல் வகுத்து, வருவதை மறுபடியும் 1.58-ஆல் வகுத்தால் 22.

உலகில் பல இடங்களில் டாக்டர்கள் பயன்படுத்துவது அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2009-இல் வெளியிட்ட அளவுகளை. ஒற்றைக் குழந்தை என்றால் மொத்தமாக ஏற வேண்டியது இவ்வளவு:

பிஎம்ஐ 18.5-க்குக் கீழே: 12.5 முதல் 18 கிலோ
18.5 முதல் 24.9 வரை: 11.5 முதல் 16 கிலோ
25 முதல் 29.9 வரை: 7 முதல் 11.5 கிலோ
30-உம் அதற்கு மேலும்: 5 முதல் 9 கிலோ

இரட்டைக் குழந்தை என்றால் எல்லை வேறு. சாதாரண பிஎம்ஐ உள்ளவருக்கு 17 முதல் 25 கிலோ, 25 முதல் 29.9 வரை உள்ளவருக்கு 14 முதல் 23, 30-க்கு மேல் உள்ளவருக்கு 11 முதல் 19.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுவதால், 23-ஐயே எச்சரிக்கைக் கோடாக வைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. அதனால் உங்கள் டாக்டர் எந்த அளவை வைத்துப் பார்க்கிறார் என்று கேட்டுவிடுங்கள். "டாக்டர், என் பிஎம்ஐக்கு மொத்தம் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை ஏறலாம்?" என்று நேராகக் கேட்டு, அவர் சொல்லும் இரண்டு எண்களையும் அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் செக்கப்பிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஏறுவது முழுக்கக் கொழுப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழந்தை சுமார் 3 முதல் 3.5 கிலோ, நஞ்சுக்கொடி கிட்டத்தட்ட 700 கிராம், பனிக்குட நீர் 1 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பெரிதான கருப்பை 1 கிலோவை ஒட்டி. உடம்பில் ரத்தம் கூடுகிறது, நீர் கூடுகிறது, மார்பகம் பெரிதாகிறது. மிச்சம் உள்ள சுமார் 3 கிலோதான் கொழுப்பு. பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு எடுத்து வைக்கும் இருப்பு அது. வேண்டாத சுமை என்று நினைக்காதீர்கள்.

3. வாரக் கணக்கு சரியா என்று பாருங்கள்

எடையை வாரத்தோடு பொருத்தித்தான் பார்க்கிறார்கள், ஆக வாரம் தப்பினால் எடையும் தப்பாகத் தெரியும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணுகிறோம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம்கூடத் தள்ளிப் போகலாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் பிரசவத் தேதியைச் சரியாகக் காட்டும். அந்த ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன்களில் தேதி முன்பின்னாக வரும், அதை வைத்து வாரத்தை மாற்றி எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

4. ஒரு நோட்டு, ஒரு கோப்பு

கோப்பில் இருக்க வேண்டியவை: கர்ப்பக் கால மருத்துவக் கார்டு, தொடக்க எடைக்கு ஆதாரமான பழைய தாள், முதல் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லா ரத்த, சிறுநீர் முடிவுகளும் தேதி வரிசையில், மருந்துச் சீட்டுகள். எல்லாவற்றையும் கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரி மாற வேண்டி வந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது ஓடி வந்து கேட்டால், அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

நோட்டில் ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம் போதும்: தேதி, வாரம், எடை, எந்த மெஷின், குறிப்பு. குறிப்பு என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். "மூன்று நாளாக வாந்தி", "கால் வீக்கம்", "இரும்பு மாத்திரை மாற்றினார்கள்" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால், ஒரு மாதம் கழித்து எண் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும்.

5. எடை பார்க்கும் விதம்

நான் பட்ட அவஸ்தையில் பாதி இதனால்தான். ஒரு தடவை செருப்போடு, ஒரு தடவை தோளில் பையோடு, ஒரு தடவை சாப்பிட்ட கையோடு நிறுத்தி எடை பார்த்திருக்கிறார்கள். செருப்பு, பை, தடிமனான உடை, வயிறு நிறையத் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 2 கிலோ தாராளமாகக் கூடிவிடும். ஒரு மாதத்துக்கு ஏற வேண்டிய மொத்த எடையே அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒரு நாள், காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், மெல்லிய உடையில், வெறுங்காலில், ஒரே மெஷினில் பாருங்கள். மெஷின் சமமான கெட்டித் தரையில் இருக்க வேண்டும். பாய், கம்பளம், மெத்து விரிப்பு மேல் வைத்தால் எண் மாறும். ஏறும் முன் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். ஆஸ்பத்திரி மெஷினும் வீட்டு மெஷினும் வித்தியாசம் காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரே நாளில் இரண்டிலும் பார்த்து வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தினமும் பார்க்காதீர்கள். உடம்பில் நீர் ஏறி இறங்குவதால் ஒரே நாளுக்குள்ளேயே 1 கிலோ வரை ஆடும், அதைப் பார்த்துப் பார்த்து மனசு கெட்டுவிடும். எடை என்றாலே பதற்றம் வருபவராக, முன்பு சாப்பாடு சம்பந்தமான மனச்சிக்கல் இருந்தவராக இருந்தால் வீட்டில் பார்க்கவே வேண்டாம். டாக்டரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, செக்கப்பில் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று எண்ணைப் பார்க்காமல் இறங்கும் வழியும் உண்டு, நர்ஸ் குறித்துக்கொள்வார்.

6. முதல் மூன்று மாதம்: ஏறாவிட்டாலும் பரவாயில்லை

இந்தக் காலத்தில் மொத்தமாக அரை கிலோவிலிருந்து 2 கிலோ வரை ஏறினால் போதும். ஏறவே இல்லை, ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிட்டது என்றாலும் பெரும்பாலானவர்களுக்குப் பிறகு சரியாகிவிடும். இந்த மாதங்களில் கூடுதலாக ஒரு கலோரிகூடத் தேவையில்லை. "இனிமேல் இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று வீட்டில் அன்போடு தட்டை நிரப்புவார்கள். குழந்தை அப்போது ஒரு விரல் நீளம்கூட இருக்காது, அதற்கு இன்னொரு ஆள் சாப்பாடு தேவைப்படாது. அம்மாவிடமும் மாமியாரிடமும் சண்டை போட வேண்டாம், டாக்டர் எழுதிக்கொடுத்த எண்ணைக் காட்டுங்கள், அது வேலை செய்யும்.

வாந்தி இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வறண்ட, வாசனை குறைந்த உணவாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடையில் மடக்கு மடக்காகக் குடியுங்கள். ஆனால் "மசக்கைன்னா அப்படித்தான்" என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்க எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அதாவது 55 கிலோ உள்ளவர் 52.25-க்குக் கீழே போனால், குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போனால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இதற்கு மருந்து உண்டு, டிரிப்ஸ் உண்டு. நான் 52.5 வரை போய்விட்டுத்தான் போனேன். அவ்வளவு தூரம் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை.

7. நான்காம் மாதத்திலிருந்து: வாரத்துக்கு எவ்வளவு, தட்டில் எவ்வளவு

இங்கிருந்துதான் உண்மையான ஏற்றம். மெலிந்தவருக்கு வாரத்துக்குச் சுமார் அரை கிலோ, சாதாரண பிஎம்ஐ உள்ளவருக்கு 400 கிராமை ஒட்டி, 25-க்கு மேல் உள்ளவருக்கு 280 கிராம், 30-க்கு மேல் உள்ளவருக்கு 220 கிராம். இது சராசரி. ஒரு வாரம் எதுவும் ஏறாமல் அடுத்த வாரம் முக்கால் கிலோ ஏறுவது சகஜம். அதனால் ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்டாமல் நான்கு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

இந்த ஏற்றத்துக்குத் தேவையான கூடுதல் சாப்பாடு பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. நான்கு முதல் ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சுமார் 340 கலோரி, ஏழாம் மாதத்திலிருந்து 450. ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம், இந்த மூன்றும் சேர்ந்தாலே 340-ஐ நெருங்கிவிடும். ஏழாம் மாதத்தில் அதோடு ஒரு சிறு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ. அவ்வளவுதான் "இரண்டாவது ஆள்".

ஆக அளவைக் கூட்டுவதைவிட, என்ன சேர்க்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு நாளைக்கு 25 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். முட்டையில் 6 கிராம், டம்ளர் பாலில் 8, ஒரு சின்னக் கிண்ணம் வெந்த பருப்பில் 9, இப்படி எண்ணிக்கொண்டே போனால் வந்துவிடும். முட்டை, மீன், கறி நன்றாக வெந்திருக்க வேண்டும், பால் காய்ச்சியதாக இருக்க வேண்டும். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும் என்பதால் அவை வேண்டாம். சின்ன மீன்கள் நல்லவை.

எடையை வீணாக ஏற்றிவிடுவது குடிக்கிற பொருட்கள்தான். சர்க்கரை போட்ட பழச்சாறு, குளிர்பானம், நாளுக்கு நான்கு தடவை இனிப்பான காபி, டீ. வயிறு நிறையாது, பசி அடங்காது, கலோரி மட்டும் சேரும். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். காபி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் கஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றுதான் பல டாக்டர்களும் சொல்வார்கள், இரண்டு சின்னக் கப் காபியோடு நிறுத்திக்கொண்டால் சரியாக இருக்கும். இரும்பு மாத்திரை போடும் நேரத்தில் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூடாது. உடம்பு இரும்பை எடுத்துக்கொள்வதை அவை குறைத்துவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

8. நடங்கள்

டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் இந்தப் படி உங்களுக்கு இல்லை. ரத்தக்கசிவு, கீழே இறங்கிய நஞ்சுக்கொடி, கருப்பை வாய் பலவீனம், கட்டுப்படாத பிபி இருப்பவர்களும் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. மற்றவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் நடை போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். அந்த வேகம்தான் சரி. ஒரேயடியாக 30 நிமிடம் முடியாவிட்டால் பத்து பத்தாகப் பிரித்து நடங்கள். மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை நான்காம் மாதத்துக்குப் பிறகு விட்டுவிடுங்கள்.

9. எண் எல்லைக்கு வெளியே போனால்

கூடுதலாக ஏறுகிறதா? முதலில் மெஷின், செருப்பு, தொடக்க எடை மூன்றையும் சரிபாருங்கள். அதன் பிறகும் கூடுதல்தான் என்றால் மூன்று நாள் சாப்பிட்டது, குடித்தது அத்தனையும் மறைக்காமல் எழுதி டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ காட்டுங்கள். அளவுக்கு மீறி ஏறினால் குழந்தை மிகப் பெரிதாவது, சிசேரியன் வாய்ப்பு கூடுவது, பிரசவத்துக்குப் பிறகு எடை இறங்காமல் தங்கிவிடுவது எல்லாம் உண்டு. ஆனால் இலக்கு இனி ஏறும் வேகத்தைக் குறைப்பதுதான், ஏறியதை இறக்குவது அல்ல. கர்ப்பத்தில் டயட் இருந்து எடை குறைக்கக் கூடாது, பிஎம்ஐ 30-க்கு மேல் இருந்தாலும் கூடாது. வேளை தப்பிப் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை ரத்தத்தில் விடும். எனக்கு நேர்ந்தது அதுதான். யாராவது "குறையுங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொன்னால், "எதை, எவ்வளவு குறைக்கணும், எதை விடக்கூடாது?" என்று திருப்பிக் கேட்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

ஏறவில்லையா? நான்காம் மாதத்துக்குப் பிறகு நான்கு வாரத்தில் எதுவுமே ஏறாவிட்டாலோ இறங்கினாலோ செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். குறைவாக ஏறினால் குழந்தை சிறியதாகவோ குறைமாதத்திலோ பிறக்கும் வாய்ப்பு கூடும். ரத்தசோகை, தைராய்டு, நெஞ்செரிச்சலால் சாப்பிட முடியாமல் போவது, மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நீங்களாகச் செய்யக்கூடியது, மூன்று வேளையை ஆறு சின்ன வேளையாக்குவது, ஒவ்வொன்றிலும் கொட்டையோ தயிரோ முட்டையோ ஒன்று சேர்ப்பது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உங்கள் எடை வேறு, குழந்தையின் வளர்ச்சி வேறு. 24 வாரத்துக்குப் பிறகு டாக்டர் டேப் வைத்து வயிற்றை அளப்பார். ஏறக்குறைய எத்தனை வாரமோ அத்தனை சென்டிமீட்டர், இரண்டு முன்பின் இருக்கலாம். அதில் சந்தேகம் வந்தால் ஸ்கேன் பார்ப்பார்கள். எடை கொஞ்சம் தள்ளியிருந்தும் இந்த அளவு சரியாக இருந்தால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

10. எடையல்ல, ஆபத்து: உடனே போக வேண்டிய நேரம்

20 வாரத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் 1 கிலோவுக்கு மேல் திடீரென்று ஏறினால், அது சாப்பிட்டதால் ஏறியது என்று நினைக்காதீர்கள். உடம்பில் நீர் கோத்துக்கொள்வதாக இருக்கலாம். அதோடு முகம், கை வீங்குவது, மோதிரம் திடீரென்று இறுகுவது, மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் மங்குவது அல்லது பொறி பறப்பது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பகலோ இரவோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிபி 140/90-ஐத் தொட்டாலே டாக்டருக்குத் தெரிய வேண்டும். இது ப்ரீஎக்லாம்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து வரை போகக்கூடியது. சாயங்காலத்தில் பாதம் மட்டும் லேசாக வீங்குவது பலருக்கும் வருவதுதான், காலையில் வடிந்துவிடும். முகமும் கையும் வீங்குவதுதான் வேறு.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் அன்றைக்கே போக வேண்டும். எடை சரியாக இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

11. எப்போது என்ன

உலக சுகாதார அமைப்பு 2016-இல் சொன்னபடி குறைந்தது எட்டு முறை செக்கப் வேண்டும்: 12 வாரத்துக்குள் ஒன்று, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40-ஆவது வாரங்களில். ஒவ்வொரு முறையும் எடை, பிபி இரண்டும் எழுதினார்களா என்று கார்டை அங்கேயே திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. பல இடங்களில் வெறும் வயிற்றில் வரச் சொல்லி 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். அன்றைக்குக் காலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், துணைக்கு ஒருவரையும் முடிந்தவுடன் சாப்பிட ஏதாவதையும் எடுத்துப் போங்கள். எடை அளவாக ஏறுபவருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை வரும், அதனால் இதைத் தவற விடக் கூடாது. கடைசி இரண்டு மூன்று வாரத்தில் எடை ஏறாமல் நின்றுவிடுவது பலருக்கு நடப்பதுதான்.

12. செலவு: எதற்குச் செய்யலாம், எதற்கு வேண்டாம்

செலவு செய்ய வேண்டியது பரிசோதனைகளுக்கும், டாக்டர் எழுதிய ஃபோலிக் அமிலம், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும், நல்ல சாப்பாட்டுக்கும். அரசு மருத்துவமனைகளில் இவற்றில் பலவும் இலவசமாகக் கிடைக்கலாம், வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். வீட்டு மெஷின் கட்டாயமில்லை. வாங்குவதென்றால் எண் தெளிவாகத் தெரியும் சாதாரண மெஷின் போதும். கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின் காலுக்குள் மெல்லிய மின்சாரம் செலுத்தித்தான் கணக்குப் போடுகிறது. பல தயாரிப்பாளர்களே கர்ப்பிணிகள் பயன்படுத்த வேண்டாம் என்று போட்டிருப்பார்கள், அந்த எண்ணும் கர்ப்பத்தில் நம்பத் தக்கதல்ல.

புரதப் பவுடர் டப்பாவுக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். மாதத்துக்கு இரண்டு டப்பா, பாதி சர்க்கரை. கர்ப்பிணிகளுக்கு உயர்புரதப் பவுடர்களைப் பொதுவாகக் கொடுப்பதை உலக சுகாதார அமைப்பே பரிந்துரைக்கவில்லை. சரியாகச் சாப்பிட முடியாமல் இருப்பவருக்கு டாக்டர் காரணம் சொல்லி எழுதினால் வாங்குங்கள். கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டில் குடித்தார்கள் என்று வாங்காதீர்கள். வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு கரண்டியில் எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்துவிடுங்கள்.

13. பிரசவத்துக்குப் பிறகு

பிரசவம் ஆனதும் 5, 6 கிலோ குறையும். அடுத்த இரண்டு வாரத்தில் நீர் வடிந்து இன்னும் கொஞ்சம் இறங்கும். மிச்சத்துக்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பால் கொடுக்கும்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவாகிறது, அதனால் அப்போது பட்டினி டயட் வேண்டாம். ஆறாவது வார செக்கப்பில் எடையைப் பார்த்து அதே நோட்டில் அதே முறையில் எழுதுங்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் சர்க்கரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே தேதியைக் கேட்டு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்கு நினைவிருக்காது.